காதில் விழ வேண்டிய கணக்கு

இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கும் வீட்டில் சத்தமாகக் கவிதை வாசிக்க முடியாது. ஆங்கிலக் கவிதையின் சந்தத்தை இணைய வழியில் கற்பிக்க ஒரு பாடத்தொடர் செய்ய உட்கார்ந்தபோது, எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது இந்தச் சிக்கல்தான்.

நெய்வேலியில் சுரங்க வேலை நிற்பதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு தேங்கியிருக்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே வெட்ட முடியும். வெட்டியது அனல்மின் நிலையத்துக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1962-இல் மின் உற்பத்தியும் தொடங்கிய பிறகு, ஊரே மூன்று ஷிப்டாகத் தூங்கி எழப் பழகிவிட்டது. நகரியத்தின் எந்தத் தெருவுக்குப் போனாலும் நண்பகலில் சாத்திய கதவுகள் சில இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பகலில் குரலை அடக்கிப் பேசுவது சின்ன வயதிலேயே பழகிப்போன ஒன்று.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு யாப்புப் பகுதியைக் கைப்பேசி வழியாக நடத்த வேண்டி வந்தது. நகரியத்துப் பிள்ளைகள் பாதி. மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் மீதி. கல்லூரி திறந்த பிறகும் அந்தப் பாடத்தொடரை நான் விடவில்லை. ஆண்டுதோறும் உடைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கரும்பலகையில் செய்ய முடியாத ஒரு வேலையை அது செய்கிறது என்று கண்டுகொண்டதுதான் காரணம்.

வழக்கமான பாடநூல் பெயர்களிலிருந்து தொடங்கும். அயாம்ப், ட்ரோக்கி, அனபெஸ்ட், டாக்டில், ஸ்பான்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம், ஒரு குறியீடு, ஒரு எடுத்துக்காட்டு. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் முன்பின் பார்க்காத ஓர் அடியைக் கொடுத்து, இதில் எந்த இடத்தில் எழுகிறது, எந்த இடத்தில் தணிகிறது என்று கேட்டால் முதல் எழுத்திலிருந்து மேடு பள்ளம், மேடு பள்ளம் என்று கோடு போட்டுக்கொண்டே போவார்கள். காது அந்த வேலையில் கலந்துகொள்வதே இல்லை. அதனால் என் தொடரில் வரிசையைத் திருப்பிப்போட்டேன். முதலில் கேட்பது, அடுத்து விரலால் தட்டுவது, பிறகு குறி போடுவது, எல்லாம் முடிந்த பிறகே பெயர். அயாம்ப் என்ற சொல் மூன்றாவது பாடத்தில்தான் வருகிறது. அதற்குள் பிள்ளைகள் அதை நூறு முறையாவது தட்டியிருப்பார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தருவதில் ஒரு பெரிய வசதி உண்டு; அதே அளவு பெரிய ஆபத்தும் உண்டு. செய்யுள் என்பது எண்ணிக் கட்டியது என்று இவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதி வந்தவர்கள். நேர், நிரை, தேமா, புளிமா எல்லாம் கையில் இருக்கிறது. எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி என்ற அடுக்கு ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபுட் என்றால் ஏறக்குறைய சீர், லைன் என்றால் அடி என்று சொல்லி ஒரு வகுப்பை மிச்சம் பிடித்துவிடலாம்.

ஆபத்து அதற்கு அடுத்த நொடியில் வருகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முதலில் மாட்டுவார்கள். ரிப்போர்ட், பேப்பர், மெஷின் ஆகிய மூன்று சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி அலகிட்டுப் பாருங்கள். ரிப்போர்ட் நேர் நேர், தேமா. பேப்பரும் நேர் நேர், தேமா. மெஷின் இரண்டு குறிலும் ஒற்றும் சேர்ந்து ஒரே நிரையாக அடங்கிவிடும். ஆங்கிலக் காதுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். ரிப்போர்ட்டும் மெஷினும் ஒரே இனம். இரண்டிலும் பின்பாதி எழும், இரண்டும் அயாம்ப். பேப்பர் எதிர் இனம். முன்பாதி எழும், அது ட்ரோக்கி. தமிழ் யாப்பு குறில், நெடில், ஒற்று என்று காலத்தை அளக்கிறது. ஆங்கில யாப்பு அழுத்தத்தை அளக்கிறது. இந்த மூன்று சொற்களை வைத்து ஒரு சிறு பயிற்சி செய்து தொடரின் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். நேர் நிரையை மறக்கச் சொல்வதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே, இங்கே அளக்கும் பொருள் வேறு என்று பார்க்கச் சொல்கிறேன். தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

இப்போது தூங்கும் வீட்டுக்கு வருகிறேன். முதல் ஒலிப்பதிவுப் பயிற்சிக்கு நான் எழுதிக் கொடுத்த அடி இது: த பஸ் தட் டேக்ஸ் மை ஃபாதர் டு த மைன். அப்பாவைச் சுரங்கத்துக்கு ஏற்றிப் போகும் பேருந்து. பத்து சிலபிள், ஐந்து எழுச்சி, எளிய அயாம்பிக் பென்டாமீட்டர். (சிலபிளுக்கு அசை என்ற சொல்லை வகுப்பில் நான் பயன்படுத்துவதில்லை, நேரசை நிரையசையோடு போய்க் குழம்பிவிடும்.) வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஒரு மாணவி கேட்டாள்: “மேம், அப்பா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்குறாங்க. மெதுவாப் படிச்சு அனுப்பட்டுமா?” அனுப்பும்மா என்றேன். வந்தது வெறும் கிசுகிசுப்பு.

அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை. அதனால் சுருதி என்று ஒன்று அதில் இருக்காது. ஏற்ற இறக்கத்துக்கு வழியே இல்லை. உரத்த ஒலியும் இல்லை. ஆனாலும் அவள் வாசிப்பில் சந்தம் தெளிவாகக் கேட்டது, மற்ற பல பதிவுகளைவிடத் தெளிவாக. காரணம், எழ வேண்டிய இடங்களில் அவள் எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை. மெலிய வேண்டிய இடங்களை மெலிய விட்டிருந்தாள். த, தட், மை, ஃபாதரின் பின்பாதி, எல்லாம் வாய்க்குள்ளேயே சுருங்கி ஓடியிருந்தன. பஸ், டேக்ஸ், ஃபா, மைன் தாமாக நின்றன.

அழுத்தம் என்றால் சத்தம் என்று சொல்லிக்கொடுப்பது நம்மிடம் பரவலாக உள்ள பழக்கம். ஆங்கிலத்தில் அழுத்தம் நாலைந்து செயல்கள் சேர்ந்தது: சுருதி மாறும், ஒலி நீளும், ஓசை கூடும், உயிரின் தன்மை முழுமையாக இருக்கும். இதற்கு மறுபக்கம் அழுத்தமில்லாத சிலபிள். அங்கே உயிர் தன் அடையாளத்தையே இழந்து, நடுவாயில் ஒரு மங்கலான ஒலியாகிவிடும். ஃபோட்டோகிராஃப் என்ற சொல்லில் முதல் சிலபிள் எழுகிறது; ஃபோட்டோகிராஃபர் என்று நீட்டினால் எழுச்சி இரண்டாவதற்குத் தாவுகிறது, முதலில் இருந்த ஓகாரம் கரைந்து காணாமல் போகிறது. நாமோ இரண்டு சொல்லிலும் எல்லா உயிர்களையும் முழுதாக, சமமாக, நேர்மையாக ஒலிக்கிறோம். இப்படிச் சொல்லும் வாயில் சந்தம் பிறக்க இடமில்லை. அந்த வாயிடம் போய் அழுத்திச் சொல் என்றால் அது கத்தும்.

அதனால் எழுச்சி பற்றிய பாடத்தை எடுத்துவிட்டு மெலிவு பற்றிய பாடத்தை முன்னால் வைத்தேன். அதைத் தொடங்க நமக்குத் தமிழிலேயே ஒரு வாசல் இருக்கிறது: குற்றியலுகரம். காசு என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதடு குவிவதில்லை, நீளமும் பாதிதான். அரை மாத்திரை என்று இலக்கணம் அளந்தே வைத்திருக்கிறது. அலகிடும்போது காசு, பிறப்பு என்று ஈற்றுச் சீருக்கு வாய்பாடு எழுதிய பிள்ளைகள் இந்தக் குறுக்கத்தை ஆண்டுக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அதைச் செவியால் கவனிக்க யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். குற்றியலுகரமும் ஆங்கில மெலிவும் ஒன்றல்ல. ஒன்று பெரும்பாலும் சொல்லின் கடைசியில் வருவது, மற்றது எங்கும் வருவது. ஆனால் ஓர் உயிர் தேய்ந்து ஒலிப்பது பிழையில்லை, அது மொழியின் ஒழுங்கு என்ற துணிவு இதிலிருந்து கிடைக்கிறது. முழுதாக உச்சரிப்பதுதான் நல்ல ஆங்கிலம் என்று பள்ளியிலிருந்து சுமந்து வந்த பயம் இங்கேதான் இறங்குகிறது.

அந்தப் பாடத்தின் பயிற்சி வெகு எளியது. என் அடியைக் கிசுகிசுத்துப் பதிவு செய்ய வேண்டும், வீட்டில் யார் தூங்கினாலும் தூங்காவிட்டாலும். பிறகு அதே அடியைச் சாதாரணக் குரலில் மாடியிலோ முற்றத்து மரத்தடியிலோ நின்று பதிவு செய்ய வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட் என்ற இலவச மென்பொருளில் சில பதிவுகளைப் போட்டு, சுருதிக் கோடு எங்கே ஏறுகிறது, கிசுகிசுப்பில் அந்தக் கோடு எப்படி இல்லாமலே போகிறது என்று படமாகவும் காட்டினேன். தன் குரலின் படத்தைப் பார்க்கிற பிள்ளை பாடத்தை மூடுவதில்லை. இணையப் பாடத்தைச் சுவையாக்க கார்ட்டூனும் பின்னணி இசையும் தேடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: மாணவரின் சொந்தக் குரலைவிட ஈர்ப்பான பொருள் எதுவும் திரையில் இல்லை.

நேரலை வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாப்புக்கு அது உதவாது. ஒவ்வொருவர் இணைப்பிலும் தாமதம் வேறு வேறு என்பதால் முப்பது பேர் சேர்ந்து ஓர் அடியைச் சொன்னால் சந்தை இரைச்சல்தான் கேட்கும். கைதட்டலாம் என்றால், ஜூம் போன்ற செயலிகள் தட்டும் ஓசையைப் பின்னணிச் சத்தம் என்று நினைத்து வடிகட்டிவிடும். ஆகவே சந்தப் பயிற்சி முழுவதும் பதிவு செய்து அனுப்புவதாகவே இருக்கிறது; நேரலை சந்தேகம் கேட்க மட்டும். மெட்ரோனோம் ஓசையையும் பின்னணியில் நான் வைப்பதில்லை. அது வந்தால் பிள்ளைகள் அதற்குப் பின்னால் ஓடுவார்கள். கவிதையின் எழுச்சிகள் கடிகாரம் பிடித்து வருவன அல்ல.

டெரிக் ஆட்ரிட்ஜ் 1982-இல் எழுதிய ஆங்கிலக் கவிதைச் சந்தம் பற்றிய நூல் எனக்கு ஒரு முக்கியமான முடிவெடுக்க உதவியது. நான்கு எழுச்சி கொண்ட அடி உடம்புக்கு இயல்பானது, பாட்டோடும் நடையோடும் ஒட்டி நிற்பது. ஐந்து எழுச்சி கொண்ட அடி பாட்டிலிருந்து விலகிப் பேச்சுப் பக்கம் சாய்வது. பாடத்திட்டமோ நேராக ஷேக்ஸ்பியரின் ஐந்தில் போய் இறங்குகிறது. நான் நான்கில் தொடங்குகிறேன். த லாம்ப்ஸ் ஆர் லிட், த கேட்ஸ் ஆர் ஷட் என்று ஓர் அடி எழுதிக் கொடுத்து, நடந்துகொண்டே சொல்லச் சொல்வேன். வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தில் காவடியோடு நடந்த கால்களுக்கு நாலு எழுச்சி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சிந்துக்கும் ஆங்கிலப் பாலட்டுக்கும் உறுப்புகள் வேறானாலும், அடி வைக்கும் கால் இரண்டையும் புரிந்துகொள்கிறது. அதன் பிறகு ஐந்துக்குப் போனால், இதற்கு நடக்க வரவில்லையே மேம் என்று அவர்களே சொல்வார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகத்தான் நான்கில் தொடங்கினேன். ஐந்து எழுச்சி அடி ஏன் நாடகத்துக்குப் பொருந்தியது, ஏன் ஒரு மனிதர் யோசித்துப் பேசுவதுபோல் ஒலிக்கிறது என்பதெல்லாம் அங்கிருந்து தானாக விரியும்.

இனி மதிப்பீடு. இந்தத் தொடரில் நான் மிக அதிகமாக யோசித்தது இதைத்தான். இணையத்தில் தமிழ் யாப்புக்கு அருமையான கருவிகள் உண்டு. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், யாப்புப் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. வினோத் ராஜன் உருவாக்கிய அவலோகிதம் என்ற மென்பொருளில் ஒரு வெண்பாவை இட்டால் அசை, சீர், தளை, தொடை எல்லாவற்றையும் பிரித்துக் காட்டிவிடும். இது எப்படி முடிகிறது? தமிழ் யாப்புக்கு வேண்டிய செய்தி முழுவதும் எழுத்திலேயே இருக்கிறது. குறிலா நெடிலா, ஒற்று உண்டா இல்லையா என்று கண்ணால் பார்த்தே அலகிடலாம். ஆங்கிலத்தில் அழுத்தத்துக்கு எழுத்து கிடையாது. பர்மிட் என்ற சொல்லை எடுங்கள். அனல்மின் நிலையத்தில் பழுது பார்க்கும் முன் வாங்கும் பர்மிட் பெயர்ச்சொல், முன்பாதி எழும். அனுமதிப்பது என்ற வினையானால் பின்பாதி எழும். எழுத்து ஒன்றேதான். யாரோ ஒருவர் பொருள் உணர்ந்து வாயால் சொன்னால்தான் அலகே பிறக்கிறது.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் டக்கர் அமைத்த ஃபார் பெட்டர் ஃபார் வெர்ஸ் என்ற இணையப் பயிற்சித் தளம் இந்தத் துறையில் முன்னோடி. கவிதை வரிக்கு மேலே சொடுக்கி அழுத்தக் குறி போடலாம், சீர் பிரிக்கலாம், சரியா என்று உடனே பார்க்கலாம். என் பிள்ளைகளுக்கு அதை நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் நம் ஊர் மாணவர் அங்கே நேராகப் போனால், காதை விட்டுவிட்டுச் சொடுக்கிச் சொடுக்கிச் சரியான விடையைக் கண்டுபிடித்துவிடுவார். கேள்விக்கு இரண்டே வாய்ப்பு என்றால் யாரும் அதைத்தான் செய்வார்கள். அதனால் என் தொடரில் குறிக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. குறி போட்ட தாளின் படத்தோடு, அதை வாசித்த ஒலிப்பதிவும் வர வேண்டும். உன் குறியும் உன் குரலும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கேள்வி. குறி ஒன்றும் குரல் ஒன்றுமாக இருந்தால், குறி சரியாகவே இருந்தாலும் திருப்பி அனுப்புவேன். திருத்த நேரம் பிடிக்கும்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை, தேடவும் இல்லை.

ஒரே அடிக்கு இரண்டு நேர்மையான வாசிப்புகள் இருக்கலாம் என்பது பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது. வெண்பாவின் கட்டுப்பாட்டில் வளர்ந்த மனம் அது. தளை தட்டினால் பிழை. ஸ்லீப்பிங் அட் நூன், மை ஃபாதர் ஹியர்ஸ் த ரெயின் என்று நான் ஓர் அடி எழுதிக் கொடுத்தேன். நண்பகலில் தூங்கும் அப்பாவுக்கு மழைச் சத்தம் கேட்கிறது. இதில் முதல் சீர் புரண்டிருக்கிறது; அயாம்ப் வர வேண்டிய இடத்தில் ட்ரோக்கி. “பிழைதானே மேம்?” என்று ஒரு பையன் கேட்டான். இல்லைப்பா, ஆங்கிலத்தில் அடியின் தொடக்கம் புரள்வது நூற்றாண்டுகளாக வழங்கும் உரிமை என்று சொன்னேன். மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1900-இலேயே இதற்கு ஒரு விளக்கம் தேடினார். அழுத்தம் என்பது தனித்து அளக்கும் அளவில்லை, பக்கத்தில் நிற்பதோடு ஒப்பிட்டு அறிவது என்பது அவர் கட்சி. அந்த வெளிச்சத்தில் பேருந்து அடிக்குத் திரும்பினால் டு என்ற சின்னச் சொல் விளங்கும். பேச்சில் அது மெலிந்ததுதான். ஆனால் அதற்கு முன்னே ஃபாதரின் தேய்ந்த பின்பாதி, அதற்குப் பின்னே இன்னும் தேய்ந்த த. அவற்றுக்கு நடுவே டு ஒரு மயிரிழை உயர்ந்தால் போதும், நான்காவது எழுச்சி என்ற இடம் அதற்குக் கிடைத்துவிடும். கத்தி வாசிக்கிறவர்களுக்கு இந்த மயிரிழை கேட்காது.

கடைசிப் பகுதியை மனோன்மணீயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஆங்கிலத்தில் இயைபில்லாத ஐஞ்சீர் அடியை 1540-களில் சரே பிரபு வெர்ஜில் மொழிபெயர்ப்புக்காகக் கையாண்டார். அது பின்னால் நாடகத்துக்கு வந்து மார்லோ, ஷேக்ஸ்பியர் கையில் வாய்திறந்து பேசியது. 1891-இல் பெ. சுந்தரம் பிள்ளை லிட்டனின் கதையொன்றை எடுத்துத் தமிழில் செய்யுள் நாடகம் எழுதியபோது பெரிதும் அகவலைத் தேர்ந்தார். வெண்பாவை எடுக்கவில்லை. இதைவிடக் கூர்மையான யாப்புத் தீர்ப்பு நவீனத் தமிழில் குறைவு. இறுகாத, நீள ஓடக்கூடிய, பேச்சைத் தாங்கும் ஓர் அடி அவருக்கு வேண்டியிருந்தது. நம்மிடம் அது ஈராயிரம் ஆண்டாகவே இருந்தது. பள்ளியில் காலைதோறும் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்து இந்த நூலிலிருந்து வந்தது என்று தெரிந்த பிள்ளைகளும் உள்ளே இருக்கும் நாடகத்தைத் திறந்து பார்த்ததில்லை. ஒரு பக்கம் அகவலை அலகிட்டு, ஒரு பக்கம் ஆங்கில நாடக அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டிலும் பேசுகிற குரல் எப்படி வந்தது என்று அவர்கள் எழுதும் விடைகளைத்தான் நான் ஆசையோடு படிக்கிறேன்.

தேர்வுக்குப் பதிலாக ஒரு வேலை உண்டு: சொந்தமாக ஓர் ஐஞ்சீர் அடி ஆங்கிலத்தில் எழுதி வாசித்து அனுப்ப வேண்டும். பொருள் தன் வீட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, சாலையோரம் பலாப்பழம் விற்கும் தன் அம்மாவைப் பற்றி எழுதினாள்: மை மதர் செல்ஸ் ஹர் ஜாக்ஃப்ரூட் பை த ரோட். குழுவில் சண்டை தொடங்கியது. ஜாக்ஃப்ரூட்டின் பின்பாதி மெலிந்ததா? நீண்ட உயிர் இருக்கிறதே, அது எப்படி மெலிவாகும் என்று ஒரு கட்சி. அவர்கள் இன்னும் நெடிலைத்தான் எண்ணுகிறார்கள். ஜாக் அதைவிட ஓங்கி நிற்கிறதே, பக்கத்தில் நிற்பதோடுதானே ஒப்பிட வேண்டும் என்று மறு கட்சி. எழுதியவள் இரண்டு பதிவுகள் போட்டாள். ஒன்றில் ஃப்ரூட்டை அடக்கியிருந்தாள். மற்றதில் அதற்கும் கொஞ்சம் எடை கொடுத்து, அடியை அங்கே கனக்கவிட்டிருந்தாள். பழம் கனமானது, அதனால் இரண்டாவதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதினாள். சீரை மாற்றாமல் எடையை மட்டும் மாற்றியிருந்தாள். இப்போது எடை பற்றிய பாடத்தில் என் குரலில் இருந்த எடுத்துக்காட்டை நீக்கிவிட்டு, அவள் சம்மதத்தோடு அந்த இரண்டு பதிவுகளையும் வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு எது எதற்காக என்று எழுதச் சொல்வதுதான் அந்தப் பாடத்தின் ஒரே கேள்வி.